வீட்டை விட்டுப் போன சத்தங்கள்

எங்கள் ஸ்டூடியோவில் அவரைப் பேயக்கா என்றுதான் கூப்பிடுவோம். முகத்துக்கு நேராகவேதான். வேலைக்கு வந்த புதிதில் யாரோ வாய் தவறிச் சொல்லிவிட, அவர் திரும்பிப் பார்த்து, "என்ன, பசிக்குதா?" என்று கேட்டாராம். அதோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

பார்த்தால் பேய்க்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். உருண்டை முகம். எப்போதும் பாதிச் சிரிப்பில் நிற்கிற வாய். கையில் ஏதாவது ஓர் உருப்படாத சாமான்: உடைந்த குடைக்கம்பி, பழைய பூட்டு, கழுத்து நெளிந்த தகர டப்பா. அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டேதான் படியேறி வருவார்.

நாங்கள் செய்வது காதால் கேட்கிற தொடர்கதைகள். எல்லாம் பயக்கதைகள். எழுதுவது நான். குரல் கொடுப்பவர்கள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். மற்றபடி அந்தக் கதையில் என்னென்ன கேட்கிறதோ அதெல்லாம் பேயக்கா: மழை, தாழ்ப்பாள், மாடிப்படியில் யாரோ ஏறுவது, கழுத்து முறிவது. கழுத்துக்கு ஒரு கேரட் போதும். ஈரப் போர்வையைத் தரையில் இழுத்தால் பிணம். தோல் கையுறையை உதறினால் வௌவால். பதிவு முடிந்ததும் முறிந்த கழுத்தைக் கழுவித் தின்றுகொண்டே வீட்டுக்குக் கிளம்புவார்.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பேய் வருகிற இடத்தில் நான் பக்கம் பக்கமாகச் சத்தம் எழுதி வைத்திருப்பேன். உறுமல், ஊளை, சங்கிலி. அவர் படித்துவிட்டு, ஒரு பொறுமையுடன், எல்லாவற்றையும் அடித்துவிடுவார்.

"பேய்க்குச் சத்தமே வேணாம். பேய் வர்றதுக்கு முன்னாடி வீட்ல இருக்கிற சத்தத்தை எடுத்துடுங்க, போதும்."

அப்படித்தான் செய்வார். முதலில் ஒரு வீட்டைக் கட்டுவார். மின்விசிறி சுற்றும், கடிகாரம் ஓடும், எங்கோ ஒரு குழாய் முனகும். கேட்பவர் அந்த வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுவார். விசிறி நிற்கும். கடிகாரம் நிற்கும். கடைசியில் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் ஜனங்கள் ஃபோனைக் கீழே போடுகிறார்கள். ஊரை விட்டு ஊர் வந்து குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து ஃபோன் வந்தால் ஒரு படபடப்புதான். வராவிட்டால்தான் சோறு இறங்காது.

எங்கள் ஒலிப்பதிவாளருக்கு ஹெட்ஃபோன் என்று பெயர். காதிலிருந்து அதை அவர் கழற்றி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. "அக்கா சும்மா இருந்தாத்தான் எனக்கு முதுகு சில்லுங்குது" என்பார்.

பேயக்கா வீட்டில் மூன்று பேர். அவர், அவர் கணவர், மாமனார். கணவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்து, "இது தெரியுதா, இப்பத் தெரியுதா" என்று கேட்பவர். அளந்துதான் பேசுவார். மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மலைப்பாதையில் ஏறி இறங்கியே ஆயுள் முழுக்கக் கழித்தவர். மனைவி போன பிறகு மகன் வீட்டில்தான். மருமகளுக்கும் அவருக்கும் நன்றாக ஒத்துப்போகும். அவர் உரித்துக் கொடுக்காத வெங்காயம் அந்தச் சமையலறையில் வேகாது.

இந்த வீட்டிலிருந்து முதலில் வெளியேறியது ஒரு கதவுக்கீல்.

நல்ல கிறீச் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. புதுக்கீல் ஊமை. துருப்பிடித்த கீல் வெறுமனே கத்தும். மாமனாரின் அறைக்கதவில் இருந்ததோ, அடித்தொண்டையில் ஆரம்பித்து, மெல்ல ஏறி, யாரென்று கேட்பதுபோல முடியும். பேயக்கா அதைப் பல நாள் சபலத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கழற்றிக்கொண்டு வந்து, பலகையில் பொருத்தி, எங்களுக்கு இழுத்துக் காட்டினார். ஹெட்ஃபோன் எழுந்து நின்று கைதட்டினார். அறைக்கதவுக்குக் கணவர் புதுக்கீல் மாட்டினார்.

பிறகு மாமனாரின் மர நாற்காலி. கால் ஆடும், உட்கார்ந்தால் ஒரு முனகல், எழுந்தால் வேறொரு முனகல். அடுத்து, திரும்புகிற இடத்தில் டிக்கென்று சொடுக்குகிற டேபிள் ஃபேன். அப்புறம் கூடத்துக் கடிகாரம். திறந்தால் கும்மென்று உறுமுகிற சமையலறைக் குழாய். போன ஒவ்வொன்றுக்கும் பதில் வீட்டுக்குப் புதிதாக ஒன்று வந்தது, சத்தமில்லாததாக. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் அடியில் பேயக்கா கம்பளித் துணி ஒட்டினார். தனக்கும் கணவருக்கும் மெத்தென்ற செருப்பு. பகலெல்லாம் கூச்சலில் வேலை பார்க்கிற காதுக்கு ஓய்வு வேண்டும், வயசானவரும் நிம்மதியாகத் தூங்கட்டும் என்பது அவர் எண்ணம். வீட்டுக்கு வந்தவர்கள், உள்ளே நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள் என்று பெருமையாகச் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் மாமனாருக்குப் பயம் வந்தது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியைச் சுவர் மூலைக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டார். குளியலறைக் கதவைச் சாத்த மறுத்தார். பக்கத்து வீட்டு அம்மாள் நடைவழியில் நின்று நலம் விசாரித்தபோது, பிடரியில் அடி விழுந்ததுபோலத் துள்ளினார். சமையலறையில் யாரோ நின்றார்கள் என்பார். போய்ப் பார்த்தால் மகன் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். தனியாக இருக்கமாட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, பேயக்கா வேலைக்குக் கிளம்புகிற நேரமாகப் பார்த்து ஏதாவது வேலை சொல்லுவார். சட்டையில் பட்டன் போயிற்று என்பார். போயிருக்காது.

கணவர் அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போய்ப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்தார். கிழவர் மேலிருந்து கீழ்வரை, பொடி எழுத்து உட்பட, மளமளவென்று படித்தார். கண்ணில் குறையில்லை என்றால் குறை தலையில்தான் என்று மகன் முடிவுக்கு வந்தார். காரணமும் கைவசம் இருந்தது. அப்பா தினமும் மதியம் ஸ்பீக்கரில் எங்கள் தொடரைத்தான் கேட்கிறார். ஓர் அத்தியாயம் விடுவதில்லை.

"நீ ஆபீஸ்ல பேய் பண்ற. அவர் வீட்ல பேய் பார்க்கறார். டோர் டெலிவரி" என்றார் கணவர். பேயக்கா அதை எங்களிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்குக் கேரட்டைத் தின்னவில்லை.

பிறகு அந்தக் காலை. மாமனார் ஜன்னலருகே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பேயக்கா மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்து, இடது பக்கம், தோளுக்கு அருகில் நின்றார். அவர் தலையைத் திருப்பியதும் கண்ணெதிரே ஒரு முகம். வாயிலிருந்து வந்தது ஒரு சத்தம், வார்த்தை இல்லை. டம்ளர் பறந்தது. கொதிக்கிற டீ பேயக்காவின் மணிக்கட்டில்.

அடுத்த நிமிடம் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு ஊதினார். ஊதிக்கொண்டே, நீயாம்மா, நீயா, என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் அப்படிக் கேட்டதில் தன் கை எரிந்ததே தெரியவில்லை என்றார் பேயக்கா.

மறுநாள் கணவர், தலை குனிந்து காய்கறி நறுக்கியபடி, ஊர் ஓரத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, எந்நேரமும் ஆள் இருக்கும் என்றார். சனிக்கிழமை சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றார். அந்தச் 'சும்மா'வின் அர்த்தம் மூன்று பேருக்கும் தெரிந்தது. மாமனார் மூலை நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

பேயக்கா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இது தன் கைவேலை. தான் செய்த சத்தங்கள்தான் அந்த மனுஷரை இப்படி ஆக்கிவிட்டன. ஸ்பீக்கரைப் பிடுங்கி வைத்துவிட்டால், சனிக்கிழமைக்குள் கொஞ்சம் தெளிந்தால், கணவரிடம் பேசிப் பார்க்கலாம்.

உள்ளே போனபோது தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் எதிரே போய் நின்று, இனிமேல் இதெல்லாம் வேண்டாம் மாமா, பயந்துகொள்கிறீர்கள் என்றார்.

"இதுக்கா?" என்றார் மாமனார். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "இதுக்கு நான் எதுக்கும்மா பயப்படணும்? உக்காரு, முடியட்டும்."

உட்கார்ந்தார். கதையில் ஒரு பெண் பாழடைந்த பங்களாவுக்குள் நுழைகிறாள். கதவு அடித்தொண்டையில் ஆரம்பித்து ஏறியது.

"என் ரூம் கதவு" என்றார் மாமனார்.

ஏதோ ஒன்று இருட்டில் உட்கார்ந்தது.

"என் நாற்காலி. உங்க அத்தை திட்டுவா, நீங்க எழுந்தா வீடே எழுந்திரிக்குதுன்னு."

தூரத்தில் எதுவோ உறுமியது. அது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல் என்று நான் எழுதியிருந்தேன்.

"சமையக்கட்டுக் குழாய்" என்றார். "எல்லாத்தையும் அங்க கொண்டு போயிட்ட. அதான் தினம் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

எந்தச் சத்தம் கதையில் எங்கே வருகிறது என்று பேயக்கா வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. யாருக்கும் அடையாளம் தெரியாது என்றே நினைத்திருந்தார். கதையில் அந்தப் பெண் ஓட ஆரம்பித்திருந்தாள். அவள் அலறலுக்கு மேல் குரலை உயர்த்தி, அப்படியென்றால் உங்களுக்கு எதுதான் மாமா பயம் என்று கேட்டார்.

"இதுல யாரு எங்கேர்ந்து வர்றாங்கன்னு நல்லாத் தெரியுதே. கதவு கத்துது, வர்றான். நாற்காலி முனகுது, உக்கார்றான். நம்ம வீட்லதாம்மா ஒண்ணும் தெரியல. காத்து மாதிரி வந்து நிக்கறீங்க ரெண்டு பேரும். வளைவுல ஹாரன் அடிக்காம வந்தா நான் என்னம்மா பண்ணுவேன்?"

அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை என்றார் பேயக்கா. எத்தனையோ கதைகளில் எத்தனையோ வீடுகளுக்குத் தான் செய்ததையே தன் வீட்டுக்கும் செய்திருந்தார். விசிறி, கடிகாரம், குழாய், எல்லாம், ஒவ்வொன்றாக. அதுவும் ஆசையாக.

ஆனால் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. சத்தமில்லாமல் வந்தால் என்ன, கண்ணால் பார்க்கலாமே? டீ கொட்டிய அன்று தான் நின்ற இடம் நினைவுக்கு வந்தது. இடது பக்கம். தோளுக்கு அருகில்.

"மாமா, என் மூக்கையே பாருங்க" என்று சொல்லிவிட்டு, கையைப் பக்கவாட்டில் நீட்டி ஆட்டினார். மாமனார் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மெல்ல உள்ளே வந்தது. இன்னும் உள்ளே வந்தது. கிழவர் லேசாகச் சிரித்தார்.

"டெஸ்ட் வெக்கிறியா? சைடு கண்ணாடி ரெண்டும் எப்பவோ போச்சும்மா. முன்கண்ணாடி மட்டும்தான். அதுலயும் நடுவுல ஒரு தட்டு அளவு."

மகனிடம் சொல்லிவிடாதே என்று கெஞ்சினார். பேயக்கா எந்த உறுதியும் கொடுக்கவில்லை.

அன்று மாலை கணவர் நம்பவில்லை. பொடி எழுத்து வரைக்கும் படித்தாரே என்றார். பேயக்கா ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரே போட்டார். அவர் உட்கார்ந்து, கடையில் செய்கிற பழக்கத்தில் முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் அகல விரித்து, விரல்களை அசைத்தபடி உள்ளே கொண்டுவந்தார். அப்பா மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் தோளைத் தாண்டின. காதைத் தாண்டின. கன்னத்துக்கு அருகே வந்தபோதுதான் கிழவர், "ம், இப்பத் தெரியுது" என்றார்.

கைகளை எங்கே வைப்பது என்று மகனுக்குத் தெரியவில்லை. அவை அங்கேயே, அப்பாவின் முகத்துக்கு இருபுறமும், கொஞ்ச நேரம் நின்றன. பிறகு மடங்கியிருந்த சட்டைக் காலரைச் சரிசெய்தன.

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா ரோட்டுல இறங்க விடமாட்ட. சொல்லாததுக்கு வீட்டை விட்டு இறக்கப் பார்க்கற. எப்படியும் டிரைவர் சீட் போச்சு" என்றார் மாமனார். பிறகு, குற்றத்தை ஒப்புக்கொள்கிற சிறுவனைப்போல, வேறொன்றும் சொன்னார். கண் பரிசோதனை என்றால் டிரைவர்களுக்கெல்லாம் கிலி. லைசென்ஸ் போனால் பிழைப்பு போச்சு. அதனால் எழுத்துப் பலகையைப் பார்த்தால் படிப்பது ஒரு வெறி. நடுப்பார்வை போகாததால், இன்னும் பொடியாக எழுதி மாட்டினாலும் படிப்பார்.

சனிக்கிழமை அவர்கள் போனது கண் டாக்டரிடம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டிருந்தது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டுமருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இல்லத்துக்கு ஃபோன் செய்து, வரவில்லை என்று சொன்னது கணவர்தான். காரணம் கேட்டிருப்பார்கள் போல. அப்பாவுக்கு இங்கே வேலை இருக்கிறது என்றாராம்.

திங்கட்கிழமை பேயக்கா ஸ்டூடியோவுக்கு வந்து, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். கீலும் நாற்காலியும் மற்றதும் திரும்ப வேண்டும்.

ஹெட்ஃபோன் பதறிவிட்டார். தொடர் பாதியில் நிற்கிறது. கடைசி அத்தியாயத்தில் திறக்கப்போவதே அந்தக் கதவுதான். கதாநாயகியைக்கூட மாற்றலாம், கீலை மாற்ற முடியாது என்றார். பேயக்கா விஷயத்தைச் சொன்னார். ஹெட்ஃபோன் நாற்காலியைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு அவரே கீழே இறங்கினார்.

அந்த வீட்டை இப்போது காதால்தான் பார்க்க வேண்டும். குழாய் உறுமுகிறது, ஃபேன் சொடுக்குகிறது, கடிகாரம் ஓடுகிறது. கம்பளித் துணியெல்லாம் உரித்தாயிற்று. பேயக்கா மரக்கட்டை மாதிரி அடி உள்ள செருப்பாகத் தேடி வாங்கினார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, குதிரை வளர்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அளந்து பேசுகிற அந்தக் கணவர், நடைவழி திரும்புகிற இடத்தில், ஒவ்வொரு தடவையும் "பாம் பாம்" என்கிறார். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தார். கணவர் அவரைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் யோசித்துவிட்டு, "பாம் பாம்" என்று சொல்லியே திரும்பினார். உள்ளேயிருந்து, "போலாம் ரைட்" என்று பதில் வந்தது.

கடைசி அத்தியாயத்துக்கு நாங்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். வேறு வழியில்லை. ஃபேனை நிறுத்தினோம், கடிகாரத்தை எடுத்து மெத்தைக்குள் பொதிந்தோம். மாமனாரை எங்கே வைப்பது என்று கேள்வி வந்தது. அவர் தன் அறையில் கதவுக்கு முதுகு காட்டித் தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாகவும், மூச்சுக்கூட விடமாட்டேன் என்றும் சொன்னார்.

பேயக்கா கதவை மெல்லத் தள்ளினார். கீல் அடித்தொண்டையில் ஆரம்பித்தது. ஏறியது. யாரென்று கேட்கிற அந்த இடத்துக்கு அது வருவதற்குள், "வாம்மா" என்றார் மாமனார்.

மன்னிப்புக் கேட்டார். வாயில் தானாக வருகிறது என்றார். இன்னொரு முறை எடுத்தோம். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கைக்குள்ளேயே "வாம்மா" என்றார்.

மூன்றாவது முறை அவர் ஜெயித்துவிட்டார். கீல் முழுசாகக் கத்தி முடித்தது. பின்னால் அமைதி. ஹெட்ஃபோன் கட்டைவிரலை உயர்த்தினார். அப்படியே இன்னும் சில நொடிகள் போயிருந்தால் போதும். ஆனால் கதவருகே நின்ற பேயக்கா, அந்த அமைதியில் கிழவரின் தோள்கள் இரண்டும் மெல்ல மேலேறுவதைப் பார்த்துவிட்டார்.

"நான்தான் மாமா" என்றார்.

தோள்கள் இறங்கின. ஹெட்ஃபோன் காதிலிருந்து அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அவருக்குக் காதுகள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"விடுங்க. இந்தக் கதவை வெச்சு இனிமே யாரையும் பயமுறுத்த முடியாது" என்றார்.

முடிவை நான் அங்கேயே, கூடத்தில் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். தொடரின் கடைசியில் அந்தக் கதவு திறக்கவே இல்லை. பெண் அதன் முன்னால் நிற்கிறாள், கைப்பிடியில் கை வைக்கிறாள், கதை அத்தோடு முடிகிறது. நாங்கள் செய்ததிலேயே அதிகம் பயமுறுத்தியது அதுதான் என்கிறார்கள். கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்டு நேயர்கள் இன்னமும் எழுதுகிறார்கள். நான் யாருக்கும் பதில் போடுவதில்லை. நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்து டீக்குக் காத்திருந்தார்.